அடிவாரமே சைக்கிளின் நிலம்



மலை என்றதும் நம் நினைவுக்கு வருவது உச்சிதான். கொடைக்கானல் போவோம், மூணாறு போவோம், மேகமலை போவோம் என்கிறோம். வண்டி பிடித்து வளைவு வளைவாக ஏறி, இரண்டு நாள் குளிரில் இருந்துவிட்டு இறங்கிவருகிறோம். ஏறும்போதும் இறங்கும்போதும் கடந்துபோன அடிவாரத்தை யாரும் ஒரு இடமாகவே எண்ணுவதில்லை. நான் இன்று பேச வந்திருப்பது அந்த அடிவாரத்தைப் பற்றி. ஒரு மலை என்ன வேலை செய்கிறது என்பது அதன் காலடியில்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளச் சைக்கிளைவிடப் பொருத்தமான வாகனம் கிடையாது. என் பேச்சின் சாரம் இவ்வளவுதான். பொதுவாகப் பேசிக்கொண்டே போகாமல், ஒரு நிலத்தை எடுத்துக்கொள்கிறேன்: தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு.

முதலில் நில அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளம் கொண்டது. 2012இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்த நெடிய மலை தேனிக்குத் தெற்கே இரண்டு கைகளாக நீள்கிறது. மேற்குக் கைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். கிழக்குக் கை மேகமலை. இரண்டுக்கும் நடுவில் கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. மேகமலைக்குக் கிழக்கே வருசநாட்டுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. வைகை பிறப்பது அங்கே. இந்தப் பக்கம் சுருளியாறும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் சேர்ந்து வடகிழக்காக இறங்கிவந்து தேனிக்கு அருகே வைகையோடு கலக்கின்றன. கலந்த நீர் 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தங்கி, பிறகு மதுரைக்குப் போகிறது. மதுரையில் குழாயைத் திறப்பவருக்கு இந்த மலைகளோடு உறவு உண்டு.

தேனியிலிருந்து கம்பம் போக இரண்டு வழிகள். ஒன்று நெடுஞ்சாலை: வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். இன்னொன்று போடி எனப்படும் போடிநாயக்கனூர் போய், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையத்தில் வந்து சேரும் சாலை. இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும், நாய் இனத்துக்குப் பெயர் கொடுத்த கோம்பையும் இந்த வழியில்தான் இருக்கின்றன. நெடுஞ்சாலை பள்ளத்தாக்கின் நடுவே ஓடுகிறது. தேவாரம் சாலை மேற்கு மலையின் காலை ஒட்டிப் போகிறது. காரில் போகிறவர் முதல் வழியை எடுப்பார், அது சரி. சைக்கிளில் போகிறவர் தேவாரம் வழியை எடுக்க வேண்டும். அந்தச் சாலையில் வலப்பக்கம் முழுக்கப் பாறைச் சுவராக மலை கூடவே வரும். இடப்பக்கம் வயலும் தோப்பும் கண்மாயும் சரிந்து இறங்கும். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, எந்த மடிப்பிலிருந்து ஓடை இறங்குகிறது, அந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது, கண்மாய்க்குக் கீழே என்ன பயிர் நிற்கிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். மலை ஒரு படமாகவும், வயல் இன்னொரு படமாகவும்தான் தெரியும்.

இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாவற்றுக்கும் முதல் தண்ணீர். மலைக்கு மேற்கே பெருமழை பெய்கிறது. கிழக்கே நாம் இருப்பது மழை மறைவுப் பகுதி. மேற்கே ஓடிக் கடலில் சேர்ந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பெரிய காரியத்தை ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் செய்தார்கள். 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. பள்ளத்தாக்கின் தென்கோடியில் உள்ள லோயர் கேம்ப்பில் இருந்து குமுளி மலைச்சாலையில் ஏறும்போது, சரிவில் இறங்கும் பெருங்குழாய்களைப் பார்க்கலாம். அந்தத் தண்ணீர் மின்நிலையத்தின் விசையாழிகளைச் சுழற்றிவிட்டு ஆற்றில் விழுகிறது. அதை நம்பித்தான் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. பென்னிகுவிக்கின் படம் கடைகளிலும் வீடுகளிலும் மாட்டியிருப்பதும், அவர் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் பாலார்பட்டி மக்கள் அவருக்காகப் பொங்கல் வைப்பதும் ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. மேற்கே மலையைப் பார்த்துவிட்டு, அப்படியே தலையைத் திருப்பிக் கிழக்கே வயலைப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். இரண்டும் ஒரே பார்வைக்குள் அகப்படுகிற இடம் அடிவாரச் சாலை.

இந்தத் தண்ணீர் சைக்கிள்காரருக்கு இன்னொரு உதவியும் செய்கிறது. லோயர் கேம்ப்பில் தொடங்கி மேற்கு மலையின் அடிவாரத்தை ஒட்டிப் போடிப் பக்கம் வரை போகும் ஒரு கால்வாய் உண்டு. ஊரில் அதற்குப் பதினெட்டாம் கால்வாய் என்று பெயர். வழியில் பல கண்மாய்களை நிரப்பிக்கொண்டு போகிறது. தண்ணீர் தானாக ஓட வேண்டுமென்றால் கால்வாய்க்கு மிக மெல்லிய சரிவு வேண்டும். அதற்குமேல் சரிந்தால் கரை அரித்துப் போகும். அதனால் அதை வெட்டியவர்கள் மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் புகுந்து புறப்பட்டு, ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பாதை சீராக இருக்கும் இடங்களில் அந்தக் கரையில் சைக்கிள் விட்டுப் பாருங்கள். மலையை உரசிக்கொண்டே போவீர்கள், ஆனால் ஏற்றமே இருக்காது. மட்டம் பார்க்கும் கருவியோடு வெயிலில் நின்ற பொறியாளரின் உழைப்பும், மண்வெட்டி பிடித்தவர்களின் உழைப்பும் உங்கள் முழங்காலுக்குப் புரியும்.

முழங்காலுக்குப் புரியும் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. கம்பத்தை அடுத்த கூடலூரிலிருந்து தேனி வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் நிலம் நூறு மீட்டர் அளவுக்குத் தாழ்கிறது. கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர்தான். கண்ணுக்கு அது முழுச் சமதளம். காருக்கும் அது சமதளம்தான். ஆனால் தேனியிலிருந்து கம்பத்துக்கு மிதிப்பவர் ஒரு மணி நேரத்துக்குள் கேட்கத் தொடங்குவார்: "காற்று இறங்கிவிட்டதா, பிரேக் கட்டை உரசுகிறதா?" இரண்டும் இல்லை. ஆறு ஓடிவரும் திசைக்கு எதிராக அவர் போய்க்கொண்டிருக்கிறார். திரும்பி வரும்போது அதே சைக்கிள் தானாக ஓடும். நிலத்தின் சாய்வு உடலுக்குள் பதிவது இப்படித்தான்.

அடுத்தது காற்று. தமிழ்நாட்டில் மலைத்தொடர் இடைவெளி விடும் இடங்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வருகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய நான்கு கணவாய்களும் காற்றாலைக்காரர்களுக்கு மனப்பாடம். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். ஆனி, ஆடி மாதங்களில் கம்பத்தில் சாரல் தூவும். காற்று மேற்கிலிருந்து இறங்கிப் பள்ளத்தாக்கின் நீளத்துக்கு வீசும். இதைக் கணக்கில் எடுக்காமல் பயணம் போடக் கூடாது. காற்றின் தடை, அதன் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். அமைதியான காலையில் நீங்கள் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். அதே வேகத்தில் எதிர்காற்று வந்துவிட்டால், முன்பு எதிர்த்த தடையைப் போல் நான்கு மடங்கை எதிர்க்க வேண்டும். எனவே அந்த மாதங்களில் போகிறவர்களுக்கு நான் சொல்வது: சைக்கிளைப் பேருந்திலோ வேனிலோ ஏற்றிக்கொண்டு முதலில் லோயர் கேம்ப் போய்விடுங்கள். அங்கிருந்து தேனியை நோக்கி மிதியுங்கள். சரிவும் உங்கள் பக்கம், காற்றும் உங்கள் பக்கம். மார்கழி, தை மாதங்களில் எந்தத் திசையும் நல்ல திசை.

மூன்றாவது, மனிதர்கள். அடிவார ஊர்களை அறிய வேண்டுமானால் விடியற்காலையில் அங்கே இருக்க வேண்டும். தேவாரத்திலும் கோம்பையிலும் கம்பத்திலும் போடியிலும், இருட்டு விலகுவதற்குள் ஜீப்புகள் வரிசையாக வந்து நிற்கும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியும் சாப்பாட்டுப் பையுமாக ஏறுவார்கள். முழங்கையோடு முழங்கை இடிக்கும் நெருக்கத்தில் உட்கார்ந்து, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைச்சாலைகள் வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குப் போவார்கள். சாயங்காலம் இறங்கி வருவார்கள். ஏலம் விளைவது மேலே. அதைப் பறிக்கும் கைகள் கீழே. பறித்த ஏலக்காய் ஏலத்துக்கு வரும் பெரிய சந்தைகளில் ஒன்று போடிநாயக்கனூர். நாம் மேலே போய்ப் பச்சை மலையைப் பார்த்து வியக்கும்போது, அந்தப் பச்சையைக் காப்பாற்றும் மனிதர்களின் வீடும் பள்ளிக்கூடமும் கடனும் கல்யாணமும் அடிவாரத்தில் இருக்கின்றன. சைக்கிளில் போகிறவரை அவர்கள் சுற்றுலாக்காரராகப் பார்ப்பதில்லை. டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினால், "எங்கிருந்து வர்றீங்க தம்பி, இவ்வளவு தூரமா?" என்று பேச்சு அவர்களிடமிருந்து தொடங்கும். கார்க் கண்ணாடிக்கு உள்ளே இருப்பவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பயிர்களும் அப்படித்தான். ஆற்றை ஒட்டி நெல். கொஞ்சம் மேடேறினால் தென்னையும் வாழையும். கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்கள். கல்தூண்களின் மேல் கம்பி கட்டி, அதில் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். பந்தலுக்குள் குனிந்து நுழைந்தால் வெளியில் இருந்த வெயில் சட்டென்று குறைந்துவிடும். கருநீலக் கொத்துகள் தலையில் இடிக்கும். கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பந்தலுக்கும் மேலே மானாவாரிக் காடு, அதற்கும் மேலே புதர், பிறகு மலை. குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நாம் பள்ளியில் தனித்தனியாகப் படித்த மூன்று நிலமும், காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காணக் கிடைக்கின்றன.

அடிவாரத்தில் சுற்றுகிறவருக்கு மலை ஏறும் ஆசை வராமல் இருக்காது. வரட்டும். அதற்குச் சைக்கிளின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆளும் சைக்கிளும் சாமானும் சேர்ந்து நூறு கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஆறு மீட்டர் உயரும் மலைச்சாலை. கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். அதற்கு ஒவ்வொரு மிதியிலும் முப்பது கிலோவுக்கு மேல் அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நெடுநேரம் யாராலும் முடியாது. முன்னால் சிறிய பல்சக்கரமும் பின்னால் பெரிய பல்சக்கரமும் உள்ள கியர் சைக்கிளில் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குக் குறைவாகத்தான் நகர்வோம். அழுத்தமும் பத்து கிலோ அளவுக்குக் குறையும். நேரம் கூடும், ஆனால் ஏறிவிடலாம். கியர் வலிமையைக் கூட்டுவதில்லை; இருக்கிற வலிமையைப் பொறுமையாகச் செலவழிக்க உதவுகிறது.

இந்த எண்ணமே மலையடிவாரத்தில் வளர்ந்ததுதான். பிரான்சில் சேன்ட் எத்தியேன் என்ற மலைநாட்டு நகரத்தில் பால் தெ விவி என்பவர் இருந்தார். 1853இல் பிறந்து 1930இல் மறைந்தவர். வெலோசியோ என்ற புனைபெயரில் சைக்கிள் பயணத்துக்கென்றே பத்திரிகை நடத்தினார். தம் ஊருக்கு மேலே இருந்த கணவாயில் ஏறி ஏறிப் பார்த்து, ஒரே கியர் போதாது, பல கியர்கள் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். அன்றைய பந்தய உலகம் அதைத் தளர்ந்தவர்களின் கருவி என்று ஒதுக்கியது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை 1937இல்தான் அனுமதித்தார்கள். அப்போது அவர் உயிரோடு இல்லை. பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்பது அவர் சொல்லிச் சென்ற அறிவுரை. அதை நம் கணக்கிலும் சரிபார்க்கலாம். நம் தசை, உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் இயக்கமாக மாற்றும். நூறு கிலோவை ஒரு மீட்டர் உயர்த்த ஏறத்தாழ ஒரு கிலோகலோரி உணவு செலவாகும். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு சேர்வது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஆயிரம் கிலோகலோரி! வெறும் வயிற்றில் டீயைக் குடித்துவிட்டு ஏறக் கிளம்பினால் பாதி வழியில் கை கால் நடுங்கும். கடலை மிட்டாயும் வாழைப்பழமும் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் எச்சரிக்கை வேண்டும். ஏறும்போது உடம்பு செலவழித்த ஆற்றலை, இறங்கும்போது பிரேக் கட்டை வெப்பமாக மாற்ற வேண்டியிருக்கிறது. ரிம்மைப் பிடிக்கும் வகை பிரேக் உள்ள சைக்கிளில் பிரேக்கை அழுத்தியபடியே நான்கைந்து வளைவு இறங்கிவிட்டு, நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பாருங்கள், விரல் சுடும். அந்தச் சூட்டில் டியூப் வெடிப்பதும் உண்டு. அதனால் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்கு நடுவில் அழுத்தக் கூடாது. நடு நடுவே நின்று ரிம் ஆறிய பிறகு கிளம்ப வேண்டும்.

அடிவாரத்துக்கே உரிய இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் மலை மேற்கே நிற்பதால், தேவாரம் சாலையில் சூரியன் கடலோர ஊர்களைப் போல் அடிவானம் வரை இறங்குவதில்லை. ஒரு மணி நேரம் முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். வெளிச்சம் மங்க, மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் வயலுக்கு இறங்கும் நேரம் அது. எனவே ஐந்து மணிக்குள் தங்கும் ஊரைச் சேர்ந்துவிடுவது நல்லது. பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். மேகமலைப் பக்கம் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 2021 முதல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வனத்துறைச் சாவடியில் சொல்லும் நேரத்துக்கும் விதிக்கும் கட்டுப்பட வேண்டும். அது விலங்குகளின் வீடு.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "இதற்கெல்லாம் லட்ச ரூபாய் சைக்கிள் வேண்டுமே" என்று சிலர் நினைக்கலாம். மலை ஏறத்தான் கியர் வேண்டும் என்றேன். பள்ளத்தாக்கின் தரையில் சுற்ற, அரசு பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்கும் சைக்கிளே போதும். பதினோராம் வகுப்பில் வாங்கிய அந்த வண்டி எத்தனையோ வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கிறது. அதை எடுங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள், பிரேக் கட்டையை மாற்றுங்கள், டயரைப் பாருங்கள். பஞ்சர் ஒட்டும் சாமானும் ஒரு கைப்பம்பும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இங்கிருக்கும் மாணவியருக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல் குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் அதில் இருந்தார்கள். ஊர் என்ன பேசும் என்ற பயத்தை அவர்கள் உங்களுக்கு முன்பே உடைத்துவிட்டார்கள். நாலைந்து தோழிகள் சேர்ந்து கிளம்புங்கள். பாதுகாப்புக்கு அது நல்லது, பேச்சுத் துணைக்கு அதைவிட நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திண்டுக்கல்லிலிருந்து குமுளி போகும் நெடுஞ்சாலையில் ஊர்களைச் சுற்றிப் புறவழிச் சாலைகள் வந்துவிட்டன. பாரவண்டிகள் வெளியே போவதால் ஊருக்குள் போகும் பழைய சாலைகளுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்திருக்கிறது. இது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. அந்தப் பழைய சாலைகளையும் தேவாரம், கோம்பை போன்ற அடிவாரச் சாலைகளையும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் ஏற்றவையாகக் காப்பாற்ற முடியும். சாலையோரப் புளியமரங்களை வெட்டாமல் விட வேண்டும். ஏனென்றால் பங்குனி வெயிலில் நிழலில்லாத தார்ச்சாலையில் பள்ளிப் பிள்ளைகூடச் சைக்கிள் விடமாட்டாள். தாருக்குப் பக்கத்தில் ஒரு கைவண்டி அகலத்துக்காவது கெட்டியான மண் ஓரம் வேண்டும். கால்வாய்க் கரைகளைக் குப்பை கொட்டும் இடமாக ஆக்காமல் இருக்க வேண்டும். இவற்றுக்குப் பெரிய திட்டமோ பெரிய பணமோ தேவையில்லை. ஊராட்சியில் கேட்க வேண்டும், கிராம சபையில் எழுந்து நின்று பேச வேண்டும். அந்தச் சாலையில் சைக்கிளில் போகிறவர் பேசினால் அந்தப் பேச்சுக்கு எடை உண்டு. எந்த மரத்தடியில் நிழல், எந்த வளைவில் பள்ளம் என்று அவருக்குத்தான் தெரியும்.

மலையை நேசிப்பதாக நாம் எல்லோரும் சொல்கிறோம். நேசிப்பவர்கள் அது தரும் தண்ணீரின் வழியையும், காற்றின் வழியையும், அதில் உழைக்கும் மனிதர்களின் வழியையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த மூன்று வழிகளும் அடிவாரத்தில் சந்திக்கின்றன. வருகிற தை மாதத்தில், பொங்கல் விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் தேனியிலிருந்து போடி, தேவாரம், கோம்பை வழியாகக் கம்பம். மறுநாள் லோயர் கேம்ப் வரை போய்ப் பென்னிகுவிக் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு, ஆறு போகும் திசையிலேயே சின்னமனூர், வீரபாண்டி வழியாகத் திரும்பி வாருங்கள். வந்த பிறகு உங்கள் ஊர் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமலையோ, கொல்லிமலையோ, சவ்வாதோ, எதுவாக இருந்தாலும் அதன் அடிவாரத்தைச் சுற்றிப் பார்த்து, அந்த வழியை மற்றவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள். நம் மலைகளின் அடிவார வழிகளை நாமே ஓட்டிப் பார்த்து எழுதி வைப்பது, அடுத்த தலைமுறைக்கு நாம் செய்யும் உருப்படியான காரியம்.